நீலவேர்

அன்று மழை பெய்ததா என்பதில் எனக்கு இப்போதும் சந்தேகம்தான். சூளைக்கு வெளியே ஈர மண் வாசனை அடித்ததாக ஒரு நினைவு. எல்லோருடைய செருப்பிலும் வெறும் புழுதி ஒட்டியிருந்ததாக இன்னொரு நினைவு. இரண்டும் உண்மையாக இருக்க முடியாது. ஒரே விஷயத்தை வருஷக்கணக்கில் மனசுக்குள் போட்டு அரைத்துக்கொண்டிருந்தால் சுற்றியிருப்பதெல்லாம் சேர்ந்து அரைபட்டுப் போய்விடும் போலிருக்கிறது. ஆனால் கவசம் என்று நாங்கள் கூப்பிட்டவன் என்ன சொன்னான் என்பது மட்டும் அட்சரம் பிசகாமல் இருக்கிறது. அதைப் பிசகவிடாமல் நான் பார்த்துக்கொண்டேன்.

ஊருக்கு வெளியே மூடிப்போன ஓட்டுத் தொழிற்சாலை ஒன்று உண்டு. விடுமுறை நாட்களில் அங்கே ஒரு கூட்டம் சேர்ந்து 'எஞ்சியவர்கள்' என்று ஒரு விளையாட்டு ஆடும். உலகம் அழிந்து, சாம்பல் கொட்டி முடிந்தபிறகு தப்பிப் பிழைத்தவர்களாக வேஷம் போட்டுக்கொள்வார்கள். காலையில் வாசலைத் தாண்டினால் சாயங்காலம் வரை அந்த வேஷத்தை விட்டு வெளியே வரக்கூடாது. வங்கியில் வேலை பார்ப்பவர் அங்கே எலி பிடிப்பவர். பல் டாக்டர் அங்கே கொள்ளைக்காரி. நுரைப்பஞ்சில் செய்த கத்தியால் ஒருவரை ஒருவர் வெட்டிக்கொள்வார்கள். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

ஆட்டம் தொடங்கும் முன் நடுவர் தொழிற்சாலை முழுக்கப் பொருள்களை ஒளித்து வைப்பார். துருப்பிடித்த போல்ட், ஸ்பிரிங், செம்புக் கம்பி, தோல் வார், உடைந்த கண்ணாடிச் சில்லு. இவை ஆயுதம் செய்பவர்களுக்கு. மூலிகைகள் வைத்தியர்களுக்கு. அந்த மூலிகைகள் எதுவும் மண்ணில் முளைத்தவை அல்ல. அவற்றைச் செய்தவள் என் அக்கா.

பழைய திரைச்சீலையைக் கத்தரித்து, சாயம் ஏற்றி, கம்பியில் சுற்றி, மெழுகில் முக்கி எடுப்பாள். சாம்பல்நாக்கு என்ற இலையில் யூகலிப்டஸ் தைலம் தடவியிருப்பாள். எலிக்காதில் எலுமிச்சைத் தோல் வாசம் வரும். நீலவேரில் கிராம்பு எண்ணெய். கண்ணை மூடிக்கொண்டே எது எதென்று சொல்லிவிடலாம். எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் சாப்பிட இடம் இருக்காது. "ஒரு ஓரமா தட்டை வச்சுக்கோடி, வேர் காயுது" என்பாள். நான் தட்டை மடியில் வைத்துக்கொண்டு புத்தகம் படித்தபடி சாப்பிடுவேன். அவள் அதையெல்லாம் சந்தோஷமாகச் செய்தாள். இதைச் சொல்லாவிட்டால் மற்றது புரியாது.

சாம்பல்நாக்கு, எலிக்காது, நீலவேர், மூன்றையும் கிண்ணத்துத் தண்ணீரில் நனைத்து, அடிபட்டு விழுந்தவரின் நெற்றியில் தடவினால் அவர் எழுந்துவிடலாம். நீலவேர் இல்லையென்றால் சாவுதான். அதனால் அதை மட்டும் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் செய்து தருவாள். செத்தவர்கள் செத்தவர்கள்தான். அதே வேஷத்தில் மறுபடி வர முடியாது. வருஷக்கணக்கில் வளர்த்த ஆள் ஒரு நொடியில் போய்விடும். பெரிய மனுஷர்கள் ஓரமாக உட்கார்ந்து நிஜமாகவே அழுவார்களாம். அக்கா சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

கவசம் என்பவன் நிஜத்தில் பழைய டயர் வியாபாரி. டயரை வெட்டி மார்பிலும் தோளிலும் கட்டிக்கொண்டதால் அந்தப் பெயர். ஒரு முகாமின் தலைவன். ஒரு பருவத்தில் அவனுடைய ஆட்கள் சாகவே இல்லை. விழ விழ எழுந்தார்கள். நடுவருக்குச் சந்தேகம் வந்து முகாமைச் சோதித்தார். கிடங்கறையில், தான் ஒளித்து வைக்காத நீலவேர்கள் ஒரு டப்பா நிறைய இருந்தன. கவசம் கொஞ்சமும் தடுமாறவில்லை. எல்லோரும் கூடியிருந்த இடத்தில் ஒரு கல்மேல் ஏறி நின்று, செய்கிறவளே வீட்டில் கூடுதலாகச் செய்துகொண்டு வந்து வேண்டியவர்களுக்கு ரகசியமாகத் தருகிறாள், என் ஆட்களையும் அப்படித்தான் கெடுத்துவிட்டாள் என்று பேசினான். அவன் பேசினால் கேட்பவர்கள் வாயைப் பிளந்துகொண்டு கேட்பார்கள். அக்காவின் பையைக் கவிழ்த்துக் கொட்டினார்கள். அடுத்த பருவத்துக்காகச் செய்து வைத்திருந்த வேர்கள் அதில் மிச்சம் இருந்தன. அதுவே சாட்சியாகிவிட்டது. நடுவர் அவளைக் கிளம்பச் சொன்னார்.

அக்கா அதற்குமேல் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "பையை நான் தூக்கிட்டு வரேன்னு வாங்கிட்டுப் போனான்டி. பாரமா இருந்துச்சு, கொடுத்துட்டேன்."

அவமானம் தொழிற்சாலை வாசலோடு நின்றிருந்தால் நானும் விட்டிருப்பேன். அக்கா ஒரு மருந்துக்கடையில் கவுன்ட்டரில் நின்றாள். கடை முதலாளியின் மச்சான் அந்த விளையாட்டுக் கூட்டத்தில் ஒருவன். விஷயம் கடைக்கு வந்தது. முதலாளி திட்டவில்லை, விசாரிக்கவும் இல்லை. வேலை முடிந்து கிளம்பும்போது பையைத் திறந்து காட்டிவிட்டுப் போகும்படி மட்டும் சொன்னார். மற்றவர்களிடம் அப்படிக் கேட்கவில்லை. வாடிக்கையாளர்கள் பார்த்துக்கொண்டிருக்க, சாப்பாட்டு டப்பா, சீப்பு, கைக்குட்டை, பெண்கள் பையில் இருக்கும் மற்றதெல்லாம், தினமும் வெளியே எடுத்து வைத்தாள். ஒருநாள் நான் அவளை அழைத்துவரப் போய், வாசலில் நின்று அதைப் பார்த்தேன். அந்த வாரத்திலேயே வேலையை விட்டாள். அப்புறம் மேஜை காலியாகக் கிடந்தது. தாராளமாகத் தட்டு வைத்துச் சாப்பிட்டோம்.

நான் அந்த விளையாட்டில் சேர்ந்தது அதன் பிறகு. அவளுக்குத் தங்கை ஒருத்தி உண்டென்று அங்கே யாருக்கும் தெரியாது. வீட்டில் நூலகத்தில் வாசிப்பு வட்டம் என்று சொல்லிவிட்டுப் போவேன். என்னைப் பற்றி யாரும் எதுவும் கேட்காதபடி நடந்துகொள்வது எனக்குச் சின்ன வயதிலிருந்தே கைவந்த கலை. வைத்தியர் வேஷம் எடுத்தேன். கவசத்தின் முகாமிலேயே போய்ச் சேர்ந்தேன்.

ஆயுதம் செய்யும் தகரம் என்பவன்தான் எனக்கு ஊமைக்கோட்டான் என்று பெயர் வைத்தான். பிறகு அது சுருங்கி வெறும் கோட்டான் ஆனது. அவன் வாய் சும்மா இருக்காது. கவசம் வெயிலில் டயரோடு வேர்த்து வழிந்து நின்றால், "அண்ணே, பஞ்சர் ஆனா சொல்லுங்க, ஒட்டித் தரேன்" என்பான். கவசமே சிரிப்பான். நான் சிரித்தேனா என்று நினைவில்லை.

கவசத்தை ஆட்டத்தில் கொல்ல எனக்கு எத்தனையோ சந்தர்ப்பம் கிடைத்தது. நான் அவசரப்படவில்லை. அவன் விழுந்தபோதெல்லாம் ஓடிப்போய் எழுப்பினேன். அக்கா போனபிறகு கடையில் வாங்கிய பிளாஸ்டிக் இலைகள்தான் மூலிகை. அவற்றை மற்ற வைத்தியர்களை முந்திக்கொண்டு தேடி, பொறுக்கி, அவனுக்கென்று சேர்த்து வைத்தேன். பருவம் பருவமாக அவன் சாகாமல் இருந்தான். அந்த விளையாட்டிலேயே அதிக காலம் வாழ்ந்தவன் ஆனான். புதிதாகச் சேருகிறவர்கள் வந்து அவன் தோள் டயரைத் தொட்டுப் பார்த்தார்கள். "கோட்டான் இருக்கற வரைக்கும் எமன் நம்ம பக்கம் தலைவச்சுப் படுக்க மாட்டான்" என்று கவசம் என் முதுகைத் தட்டுவான். தட்டட்டும் என்று இருந்தேன். இழக்கிறதற்கு அவனிடம் ஏதாவது இருக்கவேண்டும். அதை நான்தான் என் கையால் வளர்த்துக் கொடுக்கவேண்டியிருந்தது.

இங்கே சில விதிகளைச் சொல்லவேண்டும். ஒருவர் விழுந்தால், அடியில் ஆணித் துளை போட்ட தகர டப்பா நிறையத் தண்ணீர் ஊற்றிப் பக்கத்தில் தொங்கவிடுவார்கள். தண்ணீர் வடிந்து தீர்வதற்குள் வைத்தியர் மருந்து தடவவேண்டும். அதுவரை முகாம்காரர்கள் சுற்றி நின்று, முதுகைக் காட்டிக் காவல் காப்பார்கள். விழுந்தவர் மட்டும் பேசக்கூடாது. பேசினால் அந்த இடத்திலேயே சாவு. பேசாமல் செத்தவர்களின் பெயர் சுவரில் எழுதப்படும். பேசிச் செத்தவர்களுக்குச் சுவரில் இடமில்லை.

அன்று மத்தியானம் எதிர் முகாம் எங்கள் மேல் பாய்ந்தது. உலர்த்தும் கொட்டகையில் கவசத்தை மூன்று பக்கமும் வளைத்துக்கொண்டார்கள். விழுந்தான். மற்றவர்கள் எதிரிகளை விரட்டிவிட்டு வந்து என்னைப் பார்த்தார்கள். இங்கே வைத்தியம் பார்க்க முடியாது, சூளைக்குள் தூக்குங்கள் என்றேன். நான் வாய் திறப்பதே அபூர்வம் என்பதால் யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

அந்தச் சூளை வட்டமானது. கூரை கவிழ்த்து வைத்த கிண்ணம் மாதிரி இருக்கும். அதன் காற்றுத் துளைகளில் எலிக்காது தேடிக்கொண்டிருந்த ஒருநாள், எதிர்ச் சுவரோரம் இரண்டு பேர் என்னைப் பற்றிக் கிசுகிசுத்தது காதருகே பேசுவது போலக் கேட்டது. சுவரை ஒட்டிப் பேசினால் குரல் வளைந்து வந்து மறுபக்கம் விழுகிறது. கவசத்தின் தலை சுவரை ஒட்டி இருக்கும்படி படுக்கவைக்கச் சொன்னேன். மற்றவர்கள் சுவரோரமாக வளைந்து, முதுகைக் காட்டி நின்றார்கள். டப்பா சொட்டத் தொடங்கியது.

கிண்ணத்தில் சாம்பல்நாக்கைப் போட்டேன். எலிக்காதைப் போட்டேன். பிளாஸ்டிக் நீலவேர் பையில் இருந்தது, அதைத் தொடவில்லை. வீட்டில் மிஞ்சியிருந்த, அக்கா செய்த வேர் ஒன்றை மடியிலிருந்து எடுத்து அவன் மூக்கருகே பிடித்தேன். கிராம்பு வாசம் போகாமல் இருக்க நான்தான் அவ்வப்போது எண்ணெய் தொட்டு வைத்திருந்தேன். கவசம் கண்ணைத் திறந்தான்.

"இது யார் கை வேலைன்னு தெரியுதா?" என்றேன். "நான் அவளோட தங்கச்சி."

அவன் கை என் மணிக்கட்டைப் பிடித்தது. நான் உதறவில்லை. அவன் கண் டப்பாவுக்குப் போனது, என் கையிலிருந்த வேருக்கு வந்தது, மறுபடி டப்பாவுக்குப் போனது. நான் சும்மா உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் அப்படி உட்கார என்னால் முடியும். பேசியே பழகியவன் பேச முடியாமல் கிடப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பது, வெறும் வயிற்றில் வெந்நீர் குடிக்கிற மாதிரி உள்ளே இறங்கியது. சொட்டுச் சத்தம் மெலியும்வரை காத்திருந்தேன். அப்புறம் குனிந்தேன்.

"என் காதுல மட்டும் சொல்லு. யாருக்குக் கேக்கப் போகுது? அந்த வேரையெல்லாம் யார் எடுத்தான்னு சொல்லிட்டா உடனே நெத்தில தடவிடறேன். எழுந்து போயிடலாம்."

அவன் முதுகுகளைப் பார்த்தான். பிறகு உதடு அசையாமல், மூச்சோடு மூச்சாகச் சொன்னான்.

"நான்தான் எடுத்தேன். பையிலேருந்து. அவளுக்கு ஒண்ணும் தெரியாது. போதுமா? தடவு."

சுவரோரம் நின்ற முதுகுகள் ஒரு கணம் விறைத்தன. எனக்கு அது போதுமாயிருந்தது. வேரை மடியில் செருகிக்கொண்டேன். கிண்ணத்துத் தண்ணீரைத் தரையில் கொட்டினேன். "விழுந்தவர் பேசிட்டார்" என்று அறிவித்தேன்.

யாராவது திரும்பி அவனைப் பார்த்து ஏதாவது கேட்பார்கள் என்று நினைத்தேன். தகரம்தான் முதலில் வாயைத் திறந்தான்.

"காத்து" என்றான்.

"காத்து" என்றார்கள் எல்லோரும்.

விழுந்தவர் பேசினால் அவர் சாவு மட்டும்தான் கணக்கில் வரும், அவர் சொன்ன வார்த்தை வராது. அதைக் காற்று என்று சொல்லி ஊதிவிட வேண்டும். விதி எனக்கும் தெரியும். நானே பலமுறை சொல்லியிருக்கிறேன். ஆனால் இத்தனை நாள் திட்டம் போட்டபோது, விதி விளையாட்டுக்குத்தான், காது காதாகத்தான் இருக்கும் என்று எண்ணிவிட்டேன். அவர்கள் சோகமாக முகத்தை வைத்துக்கொண்டு செத்தவரைத் தூக்கும் பலகையை எடுத்துவரக் கிளம்பினார்கள். ஒருத்தி நிஜமாகவே மூக்கை உறிஞ்சினாள், கவசம் போய்விட்டானே என்று. செத்துக் கிடந்தவனைப் பார்த்தேன். வாயோரத்தில் ஒரு சிரிப்பு ஒதுங்கியிருந்தது. வேஷம் போனால் போகிறது, சொன்னது அழிந்துவிட்டது என்ற நிம்மதி.

அந்தச் சிரிப்பை மட்டும் பார்க்காமல் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேனோ தெரியாது. முஷ்டியை மடக்கி உச்சந்தலையில் வைத்தேன்.

முஷ்டி தலைக்குப் போனால் ஆட்டம் நின்றது என்று அர்த்தம். நிஜமாக யாருக்காவது அடிபட்டால் மட்டும்தான் அப்படிச் செய்யலாம். விசில் ஊதப்பட்டது. தொழிற்சாலை முழுக்க ஆங்காங்கே இருந்தவர்கள் இருந்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்தார்கள். அடிபட்டவரைப் பார்த்து முடிக்கும்வரை யாரும் எழக்கூடாது. கவசமும் எழுந்து உட்கார்ந்தான். நடுவர் மருந்துப் பெட்டியோடு ஓடிவந்தார். அவர் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர், இந்த மாதிரி சமயத்தில் பதறமாட்டார்.

"யாருக்கும்மா அடி?" என்றார்.

"எங்க அக்காவுக்கு."

"அவங்க எங்க இருக்காங்க?"

"இங்க இல்ல. நீங்கதான போகச் சொன்னீங்க."

அவர் பெட்டியைக் கீழே வைத்தார். நான் அக்கா யார் என்று சொன்னேன், பையை யார் வாங்கிக்கொண்டு போனார்கள் என்று சொன்னேன், மருந்துக்கடையில் நடந்ததைச் சொன்னேன். என் வாழ்க்கையிலேயே ஒரே மூச்சில் அவ்வளவு பேசியது அப்போதுதான். பிறகு, இந்த ஆள் சற்று முன்னால் சொன்னது யாருக்கெல்லாம் கேட்டது என்று கேட்டேன்.

ஒருவர் ஷூ நாடாவை அவிழ்த்துக் கட்டினார். டப்பா முழுசாகத் தீர்ந்து போயிருந்தது. நான் காத்திருந்தேன். மற்றவர்களால்தான் மௌனத்தைத் தாங்க முடியாது. கடைசியில் தகரம் மெதுவாக முஷ்டியை எடுத்துத் தலைமேல் வைத்தான்.

"எனக்குக் கேட்டுச்சு. தடவுன்னது வரைக்கும் கேட்டுச்சு" என்றான். அவன் குரலில் வழக்கமான குறும்பு இல்லை.

அப்புறம் மூக்கை உறிஞ்சியவள் கை வைத்தாள். அப்புறம் மற்றவர்களும்.

கவசம் டயரைத் தட்டிக்கொண்டு எழுந்தான். மிரட்டி வாங்கிய வார்த்தை என்றான். பிறகு எல்லோர் தலையிலும் இருந்த முஷ்டிகளைப் பார்த்துவிட்டு, குரலை இறக்கிச் சமாதானமாகப் பேசினான். "சரி, எடுத்தேன். விளையாட்டுக்குத்தான எடுத்தேன். இதைப்போய் இத்தனை வருஷமா தூக்கிட்டுத் திரியறியே."

"அவ என்ன விளையாட்டுக்கா தினமும் பையைத் திறந்து காட்டினா?"

"எந்தப் பை?" என்றான்.

நான் சொன்னபோது காதில் வாங்கவே இல்லை. அதற்கு முன்பும் அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை. ஒருத்தியின் சோற்றில் மண்ணைப் போட்டுவிட்டு, போட்டது தெரியாமலே தோளைத் தொட்டுப் பார்க்கக் கொடுத்துக்கொண்டு நின்றிருக்கிறான். அவனைக் கொன்றது போதாது என்று அப்போது தோன்றியது.

நின்றுகொண்டு, முஷ்டியைத் தலையில் வைத்து, சொந்தப் பெயரைச் சொல்லி, எல்லோருக்கும் கேட்கும்படி இன்னொருமுறை சொல்லவேண்டும் என்றேன். நடுவர் தலையாட்டினார். சொன்னான். சொந்தப் பெயரில் பேசும்போது அவன் குரல் மிகச் சின்னதாக இருந்தது. அத்தோடு நான் விடவில்லை. மருந்துக்கடைக்கு வரவேண்டும் என்றேன். வண்டி இல்லை, உடம்பு அசதி என்று என்னென்னவோ சொன்னான். நடுவர் தன் பஸ்ஸிலேயே ஏற்றினார்.

கடையில் கூட்டம் இருந்தது. முதலாளி மாத்திரை அட்டையைக் கத்தரித்துக்கொண்டே கேட்டார். அதெல்லாம் எப்போதோ நடந்தது, அவங்களாகத்தானே வேலையை விட்டுப் போனாங்க என்றார். நான் அவரோடு வாதாடவில்லை. கவசத்திடம் திரும்பினேன்.

"பையைத் திறந்து காட்டு" என்றேன்.

அவன் நடுவரைப் பார்த்தான். நடுவர் மருந்து அலமாரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கவுன்ட்டரில் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தான். ஈரத் துண்டு. தண்ணீர் பாட்டில். பாதி தின்ற பிஸ்கட். ஓட்டை விழுந்த பனியன். தோள் டயரின் இரண்டு துண்டு. இருமல் மருந்துக்கு வந்த ஒரு அம்மா அதையெல்லாம் பார்த்துவிட்டு அவன் முகத்தையும் பார்த்தாள். "முதலாளி, நீங்களும் நல்லா பாத்துக்கங்க" என்றேன். கத்தரி நின்றது. நான் அவசரமில்லாமல் பார்த்தேன். பனியனைப் பிரித்துக் காட்டச் சொன்னேன். பிரித்தான். காது மடல் வரை சிவந்திருந்தான். அதற்குப் பிறகு, போதும், எடுத்து வைத்துக்கொள் என்றேன்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். முழுக்கச் சொன்னேன். மடிப்பதை நிறுத்தாமலே கேட்டாள்.

"அப்போ வாசிப்பு வட்டம்னு ஒண்ணும் கிடையாதா?" என்றாள்.

"கிடையாது."

இரண்டு தலையணை உறையை மடித்து முடித்தாள்.

"அவன் அழுதானா?"

"இல்ல."

"அழுதிருக்கணும்" என்றாள். விளக்கைப் போட எழுந்து போனாள்.

அந்தப் பருவத்தில் ஆட்டம் அதோடு நின்றது. அடுத்த பருவத்தில் மறுபடி தொடங்கினார்கள்; இப்போதும் நடக்கிறது, பிளாஸ்டிக் இலைகளோடு. தகரம்தான் முகாம் தலைவன். கவசத்தின் பெயர் சுவரில் இல்லை. அவன் டயர் கடையை வேறு தெருவுக்கு மாற்றிக்கொண்டான். எதிரே வந்தால் செருப்பைப் பார்த்தபடி போகிறான். நடுவர் விசிலை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு பஸ் மட்டும் ஓட்டுகிறார். மருந்துக்கடை முதலாளி அக்காவை மறுபடி கூப்பிட்டு ஆள் அனுப்பினார், அவள் போகவில்லை. ஊரின் மறுகோடியில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் மருந்துப் பிரிவில் இருக்கிறாள். நான் அந்தத் தொழிற்சாலைப் பக்கம் அப்புறம் போகவில்லை.